கோகோவில் கருங்காய் நோய்: முதல் மழைக்காலத்தைச் சமாளிப்பது எப்படி?

தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ வைத்து, இப்போதுதான் காய் பிடிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளை மனதில் வைத்தே சொல்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை நுழையும் ஊர்கள் இவை. ஜூனில் சாரல் பிடித்தால் நாள்கணக்கில் இலை காயாது. அந்த ஈரத்தில்தான் நேற்று வரை பச்சையாகத் தொங்கிய காயில் ஒரு பழுப்புப் பொட்டு விழுகிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் காய் முழுக்கக் கறுத்துவிடும்.

என் முதல் வருடத்தில் நான் செய்தது இதுதான். ஜூலையில் காய்கள் கறுக்கத் தொடங்கியதும் ஒரு மருந்துக் கடைக்கு ஓடி, "பூஞ்சைக்கு ஏதாவது கொடுங்கள்" என்றேன். கார்பன்டாசிம் கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை என்று இரண்டு தடவை அடித்தேன். கருப்பு நிற்கவில்லை. மருந்து போலியோ என்று கூடச் சந்தேகப்பட்டேன். மருந்து நல்ல மருந்துதான், ஆள்தான் வேறு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்த ஆளின் பெயர் ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா. 'ஃபைட்டோஃப்தோரா' என்றால் கிரேக்கத்தில் 'செடியை அழிப்பது' என்று பொருள். 1876இல் அந்தோன் டி பாரி வைத்த பெயர். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே குடும்பத்து உறவுதான். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் இது உண்மையான பூஞ்சை இல்லை, நீர்ப்பூஞ்சை. உறவுமுறை பார்த்தால் காளானை விடக் கடல்பாசிக்கு நெருக்கம். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கும், இதன் சுவரில் முக்கியமாக இருப்பது செல்லுலோஸ். கார்பன்டாசிம் போன்ற மருந்துகள் பூஞ்சையின் உடலில் தாக்கும் இடம் இதனிடம் அதே மாதிரி இல்லை, அதனால் அவை இங்கே வேலை செய்வதில்லை. கடையில் "பூஞ்சை மருந்து" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ஃபைட்டோஃப்தோராவுக்கு" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இதன் வித்துகளுக்கு வால் போன்ற இழைகள் உண்டு, தண்ணீரில் நீந்தும். காயின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலே போதும், நீந்திப் போய்த் தோலில் ஒட்டி முளைத்து உள்ளே இறங்கிவிடும். நாம் செய்யப்போகும் எல்லா வேலையும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: காய் ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைப்பது, ஈரமாகும்போது தோலில் ஏற்கெனவே ஒரு காவல் இருக்கும்படி பார்ப்பது.

முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள்

கோகோவில் காய் கறுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. புதிதாக வந்தவர்கள் அதிகம் பயப்படுவது பிஞ்சு வாடுவதைப் பார்த்துத்தான். விரல் நீளப் பிஞ்சு முதலில் மஞ்சளாகி, சுருங்கி, கறுத்து, கீழே விழாமல் மரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இது பெரும்பாலும் நோயே இல்லை. தன்னால் சுமக்க முடியாத பிஞ்சுகளை மரமே கைவிடுகிறது. இதற்கு மருந்தடித்துக் காசை வீணாக்க வேண்டாம்.

கருங்காய் நோயில் பொட்டு காயின் எந்த இடத்திலும் வரலாம்: நுனி, காம்பு, நடு. ஓரம் தெளிவாக, சாக்லேட் பழுப்பில் இருக்கும், நாளுக்கு நாள் பெரிதாகும். அழுத்திப் பார்த்தால் கெட்டியாகவே இருக்கும், குழையாது. ஈரமான காலையில் பார்த்தால் பழுப்பின் மேல் மாவு தூவியது போல வெள்ளைப் படலம் தெரியும். அது வித்துக் கூட்டம். அந்த நிலையில் ஒரு காய் லட்சக்கணக்கில் வித்துகளைச் சுமந்துகொண்டிருக்கும்.

தொட்டால் கையில் கரித்தூள் போல ஒட்டினால் அது வேறு நோய், கரிக்காய் அழுகல். லேசியோடிப்ளோடியா என்ற உண்மையான பூஞ்சை. எலி, அணில் கடித்த புண் வழியாகவோ வாடிய மரத்திலோ அதிகம் வரும். வட்டவட்டமாகச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் நிறைய இருந்தால் தேயிலைக் கொசு உறிஞ்சிய தடமாக இருக்கலாம். அது பூச்சி, அதற்கு வழி வேறு.

அடிமரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பட்டையில் நீர் கோத்தது போன்ற கருத்த திட்டு, அதிலிருந்து செம்பழுப்பாக நீர் வடிந்த தடம், கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவந்த நிறம் என்றால் அது தண்டுப் புற்று. பெரும்பாலும் அதே ஃபைட்டோஃப்தோராதான். கறுத்த காயை மரத்திலேயே விட்டுவைத்தால் காம்பு வழியாகப் பூக்கும் இடத்துக்கும், அங்கிருந்து பட்டைக்கும் இறங்கும். காயில் வந்தால் ஒரு காய் போகும், பட்டைக்கு இறங்கினால் மரமே போகலாம்.

சரி, தென்னைக்காரர்களுக்கு ஒரு செய்தி. தென்னையில் குருத்தழுகலை உண்டாக்குவதும் இதே பால்மிவோராதான். மேலே தென்னை, கீழே கோகோ என்று வைத்திருக்கிற நாம் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

மே மாதம்: கத்தி வேலை

மருந்தைப் பற்றிப் பேசும் முன் கவாத்து. கோகோ மரம் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் விசிறி மாதிரி கிளை பிரியும். அந்த ஓர் அடுக்கோடு நிறுத்திவிடுங்கள். அடிமரத்திலிருந்து நேராகக் கிளம்பும் நீர்ப்போத்துகளை இளசாக இருக்கும்போதே கையால் ஒடித்துவிடலாம். உள்பக்கமாக வளரும் கிளை, தரையைத் தொடும் கிளை, ஒன்றின் மேல் ஒன்று படுத்த கிளை எல்லாம் போக வேண்டும். மதிய நேரத்தில் மரத்தடியில் நின்றால் தரையில் அங்கங்கே வெயில் பொட்டுகள் ஆட வேண்டும், அதுதான் அளவு. முழுசாகத் திறந்துவிட்டாலும் ஆபத்து, கோகோ நிழல் கேட்கும் மரம்.

அதே நடையில் போன பருவத்தின் காய்ந்த காய்கள், கறுத்துச் சுருங்கி மரத்தில் தொங்குபவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இந்த வருட நோய்க்கு விதை அவைதான். மண்ணும் இன்னொரு இருப்பிடம். மழைத்துளி தெறித்து மண்ணிலிருந்து கீழ்க்காய்களுக்கு ஏறும், எறும்புகள் தண்டில் மண்கூடு கட்டிக்கொண்டே மேலே ஏற்றும். அந்த மண்கூடுகளைத் துடைத்துவிடுங்கள். விழுந்த இலைகளைக் கூட்டி அள்ள வேண்டாம், அது இயற்கையான மூடாக்கு. தெறிப்பையும் குறைக்கும்.

உயிரியல் முறை: மண்ணுக்கு டிரைக்கோடெர்மா

டிரைக்கோடெர்மா நல்ல பூஞ்சை. கெட்ட பூஞ்சை இழையின் மேல் கொடி மாதிரி சுற்றி, நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைக்கும். செல்லுலோஸைக் கரைக்கும் நொதியும் அதனிடம் இருப்பதால் நீர்ப்பூஞ்சையும் தப்பாது. ஆனால் வெறும் பொடியைத் தண்ணீரில் கலக்கி மரத்தடியில் ஊற்றினால் பெரிய பலன் இருக்காது. அதற்குத் தின்ன ஏதாவது வேண்டும்.

நான் செய்வது இப்படி. நன்கு மக்கிய தொழு உரம் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்குத் தூள் 10 கிலோ. இதோடு டிரைக்கோடெர்மா 1 கிலோ. நிழலில் கலந்து, தண்ணீர் தெளித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் வடியக் கூடாது என்ற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடிவையுங்கள். ஐந்தாறு நாளில் பச்சைப் படலம் தெரியும். ஒரு முறை புரட்டிவிட்டு மறுபடி மூடுங்கள். இரண்டு வாரத்தில் தயார். பச்சைச் சாணத்தில் இதைச் செய்யாதீர்கள். சாணம் சூடாகும்போது எல்லாம் செத்துவிடும்.

மே முதல் பாதியில், மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது, தண்டை ஒட்டிக் குவிக்காமல், ஓர் அடி தள்ளி வட்டமாகப் போட்டு இலைச் சருகால் மூடிவிடுங்கள். நாற்றங்கால் போடுபவர்கள் பாலிதீன் பை மண்ணிலேயே இந்தக் கலவையைச் சேர்த்துவிடலாம். நாற்று கருகுவது நன்றாகக் குறையும்.

சூடோமோனாஸ் பாக்டீரியாவையும் இலைக்கும் காய்க்கும் தெளிக்கலாம். டால்க் பொடியாக வருவது நாசிலை அடைக்கும். முன்னதாகவே ஊறவைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். அளவு பொட்டலத்தில் இருக்கும். எதை வாங்கினாலும் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். இவை உயிருள்ள சரக்கு, வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் மிஞ்சியிருப்பது டால்க் மட்டும்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலேயே இரண்டும் கிடைக்கும்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: அடைமழை ஊர்களில் உயிரியல் முறையை மட்டும் நம்பிக் காயைக் காப்பாற்ற முடியும் என்று நான் நினைக்கவில்லை. மண்ணில் அது அருமையாக வேலை செய்யும். காயின் வழவழத் தோலில், தினமும் மழை கழுவும் இடத்தில், அதற்குப் பிடிமானம் குறைவு. காய்க்குத் தாமிரம் வேண்டும்.

ரசாயன முறை: போர்டோ கலவை

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட், தாமிரம் இதில்தான் இருக்கிறது) சுண்ணாம்பும் சேர்ந்த இந்தக் கலவை 1885இல் பிரான்ஸின் போர்டோ திராட்சைத் தோட்டங்களிலிருந்து வந்தது. கண்டுபிடித்தவர் மில்லார்டே. அங்கே அது அடக்கிய திராட்சை அடிச்சாம்பல் நோயும் ஒரு நீர்ப்பூஞ்சைதான். நம் பக்கத்தில், மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய லெஸ்லி கோல்மன் 1910 வாக்கிலேயே பாக்கு மரத்தின் கொளேரோகா என்ற காயழுகல் நோய்க்கு இதைப் பரிந்துரைத்தார். கொளேரோகாவும் ஃபைட்டோஃப்தோராதான். நூறு வருடம் தாண்டியும் மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களில் இன்றும் இதைத்தான் அடிக்கிறார்கள்.

1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீர், 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு. முதல் தடவை சின்னதாகப் பழக வேண்டுமானால் 10 லிட்டருக்கு 100 கிராம், 100 கிராம்.

பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டும். இரும்போ தகரமோ கூடாது. முந்தின நாள் இரவே மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, பாதித் தண்ணீரில் மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். கரைசல் கனமாகிக் கீழே இறங்க, மேலே புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், காலைக்குள் தானாகக் கரைந்திருக்கும். அடியில் கொட்டிவிட்டால் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். சுண்ணாம்புக் கல்லை வேறொரு பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீறவிடுங்கள். கொதித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஆறியதும் மீதித் தண்ணீரைச் சேர்த்து வடிகட்டுங்கள். காற்றில் கிடந்து தானே பொடியான பழைய சுண்ணாம்பு உதவாது.

இப்போது மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கிளறுங்கள். மாற்றி ஊற்றாதீர்கள். சுண்ணாம்பை மயில்துத்தத்தில் ஊற்றினால் துகள் பெரிதாகிச் சீக்கிரம் அடியில் படியும், காயில் ஒட்டாது. சரியாக வந்தால் வானநீலத்தில், மோர் போல இருக்கும்.

அப்புறம் கத்திச் சோதனை. துருவில்லாத இரும்புக் கத்தியையோ ஆணியையோ சில நிமிடம் கலவையில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் ஏறியிருந்தால் தாமிரம் மிச்சம் இருக்கிறது, இலையும் பிஞ்சும் கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்துத் திரும்பச் சோதியுங்கள். இந்தச் சோதனையை ஒரு தடவை கூட விடாதீர்கள். கலக்கிய அன்றே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் பிடிப்பு போய்விடும். ஒட்டும் திரவம் சேர்ப்பது நல்லது.

தெளிப்பது எப்போது? மழைக்கு முன்னால். மே கடைசி வாரம், அல்லது முதல் சாரல் விழுந்து நின்ற இடைவெளி. தாமிரம் நோய் வந்த காயைக் குணப்படுத்தாது, வராத காயைக் காக்கும், அவ்வளவுதான். காயைச் சுற்றி எல்லாப் பக்கமும், முக்கியமாகத் தண்டை ஒட்டிய பின்பக்கமும் நனைந்து சொட்டத் தொடங்கும் வரை அடியுங்கள். இலையைக் குளிப்பாட்ட வேண்டியதில்லை. மழை நீடித்தால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் எட்டிப் பார்க்கும் நாளாகப் பார்த்து. கோகோ காய் முற்ற 150 முதல் 170 நாள் ஆகும். அக்டோபரில் பறிக்க வேண்டிய காய் ஜூன், ஜூலை மழையில் பாதி வளர்ச்சியில் நிற்கும். காப்பாற்றப் போவது அவற்றைத்தான்.

கலக்க நேரமில்லாதவர்கள் காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50 சதவீதத் தூளை லிட்டருக்கு 3 கிராம் என்று அடிக்கலாம். வேலை சுலபம், ஆனால் மழையில் போர்டோ அளவுக்கு ஒட்டி நிற்காது. தண்டுப் புற்று இருந்தால் கெட்ட பட்டையை நல்ல பட்டை தெரியும் வரை சுரண்டி எடுத்து, போர்டோ பசை பூசுங்கள்: 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, மொத்தம் 1 லிட்டர் தண்ணீர். சுரண்டியதைத் தரையில் போடாமல் அள்ளி எடுத்துப் போய் எரியுங்கள்.

மெட்டலாக்சில் கலந்த மருந்துகளும் உண்டு. மரத்துக்குள் ஊடுருவும், வேகமாகக் கேட்கும். ஆனால் திரும்பத் திரும்ப அதையே அடித்தால் கிருமி பழகிவிடும். அப்புறம் தேவைப்படும்போது கை கொடுக்காது. பருவத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், அதுவும் லேபிளில் கோகோவுக்குப் பரிந்துரை இருந்தால் மட்டும். பருப்பு வாங்குபவர்கள் மருந்து எச்சம் பார்க்கும் காலம் இது. பொட்டாசியம் ஃபாஸ்ஃபொனேட் இன்னொரு வழி. பாப்புவா நியூ கினியில் இதைத் தண்டில் ஊசியாகப் போட்டுப் பார்த்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். மரத்தின் சொந்த எதிர்ப்பையும் தூண்டும் மருந்து இது. புதியவர்கள் ஊசி முறையை ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

இரண்டையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஒரே டேங்கில் அல்ல. தாமிரத்துக்கு நல்ல கிருமி கெட்ட கிருமி என்று வேறுபாடு தெரியாது. சூடோமோனாஸையும் போர்டோவையும் ஒன்றாகக் கலந்து "இரட்டை மருந்து" என்று பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். டிரைக்கோடெர்மா மண்ணுக்கு, தாமிரம் காய்க்கு. இரண்டுக்கும் நடுவில் 15 நாள் இடைவெளி. டிரைக்கோடெர்மாவை மே முதல் பாதியில் போட்டால், போர்டோ கடைசி வாரத்தில் சரியாக வரும். தாமிரம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மக்காது, மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் காயை மட்டும் குறிவைக்கச் சொல்கிறேன். தெளிப்பான் மண்ணில் சிந்தும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

மழையில் வாரம் ஒரு நடை

மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள், கையில் கத்தி, தோளில் சாக்கு. பொட்டு விழுந்த காயை வெள்ளைப் படலம் வருமுன் பறித்துவிட வேண்டும். முறுக்கிப் பறித்தால் பூக்கும் இடம் கிழிந்து புண்ணாகும், அறுத்து எடுங்கள். பறித்ததை மரத்தடியில் வீசாமல் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். முற்றிய காயில் ஓரத்தில் மட்டும் பொட்டு இருந்தால் உடனே உடைத்துப் பாருங்கள். உள்ளே பருப்பு வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் பயன்படும், ஆனால் நல்ல பருப்போடு சேர்த்துப் புளிக்க வைக்காதீர்கள். இந்த நடையை விட்டுவிட்டு எத்தனை தடவை தாமிரம் அடித்தாலும் காசுக்குக் கேடு. மருந்து, நடை இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் நடையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

காய் உடைத்த தோலில் ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்துக்குள் குவித்தால் நோய்க்கு அது ஒரு பண்ணை. ஆனால் கோகோ பூவுக்கு மகரந்தம் சுமக்கும் குட்டிக் கொசு ஈக்கள் வளர்வதும் மக்கும் தோலிலும் சருகிலும்தான். எல்லாவற்றையும் துடைத்து எரித்துவிட்டால் காய்பிடிப்பு குறையும். நோய்த் தோலைப் புதைத்துவிட்டு, நல்ல தோலைத் தோப்பு ஓரத்தில் டிரைக்கோடெர்மா தூவி மக்கவிடுங்கள். ஒரு வருடம் கழித்து அது உரமாகத் திரும்பி வரும். பூக்கும் நேரத்தில் பூச்சி மருந்தைக் கண்டபடி அடிக்காமல் இருப்பதும் இந்த ஈக்களுக்காகத்தான்.

வெளிநாட்டிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ காய், ஒட்டுக்குச்சி எதையும் தனிப்பட்ட முறையில் கொண்டுவராதீர்கள். தென் அமெரிக்காவின் சூனியக்காரி விளக்குமாறு நோய் 1989இல் பிரேசிலின் பாயியா மாநிலத்தில் நுழைந்து அங்கத்துக் கோகோவைச் சாய்த்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபைட்டோஃப்தோரா மெகாகார்யா என்று நம் பால்மிவோராவை விடக் கொடிய ஒன்று இருக்கிறது. இவை நம் தோப்புகளில் இல்லை.

செப்டம்பரில் ஒரு இடைவேளை கிடைக்கும். அப்போது நீர்ப்போத்துகளை மறுபடி ஒடித்து, அடுத்த தெளிப்பை வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன் செப்டம்பர் கடைசியில் முடித்துவிடுங்கள். பறிக்கிற பதத்துக்கு வந்த காய்களை விட்டுத் தெளியுங்கள், அவற்றை முதல் நாளே அறுத்துவிடலாம். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தெளிப்பானைத் தூக்காதீர்கள், முடிந்ததும் தெளிப்பானை நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவுங்கள். போர்டோ தங்கிய பித்தளை நாசில் அடுத்த பருவத்துக்கு இருக்காது.